தனி ஆளுக்கு ஒரு கேபின்: ரைன், டான்யூப் நதிக் கப்பல்களின் விலைக் கணக்கு

‘7 இரவுகள், ஒருவருக்கு 2,000 யூரோ முதல்’ என்று ஒரு விளம்பரம் வந்தால் அதில் இரண்டு சொற்களை நிறுத்திப் படிக்க வேண்டும். ‘ஒருவருக்கு’ என்றால், ஒரே கேபினில் தங்கும் இருவரில் ஒருவருக்கு. ‘முதல்’ என்றால், கூட்டமில்லாத மாதத்தில், கீழ்த்தளத்தில், கடைசி வகைக் கேபினுக்கு. தனியாகப் போகிற ஒருவர் செப்டம்பரில் நடுத்தளத்துக் கேபின் கேட்டால் அதே கப்பலில் அதே வாரத்துக்குத் தொகை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பலர் இந்த இடத்திலேயே ஆசையை விட்டுவிடுகிறார்கள். விலை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் எங்கே குறையும், எங்கே குறையவே குறையாது என்பது பிடிபட்டுவிடும்.

எண்ணி வைத்த கேபின்கள்

ரைனையும் டான்யூபையும் இணைக்கும் மைன்–டான்யூப் கால்வாய் 1992இல் முடிந்தது. அதிலுள்ள லாக்குகளின் அகலம் 12 மீட்டர். கப்பலை ஒரு தொட்டிக்குள் விட்டு, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் அமைப்புதான் லாக். அதற்குள் நுழைய வேண்டுமென்பதால் கப்பலின் அகலம் சுமார் 11.4 மீட்டரோடு நின்றுவிடுகிறது. நீளமும் 135 மீட்டருக்கு மேல் போவதில்லை. மேலே தாழ்வான பாலங்கள் இருப்பதால் தளங்கள் மூன்றுதான். இதற்குள் உணவகம், லவுஞ்ச், சமையலறை, ஊழியர் அறைகள் எல்லாம் போக மிஞ்சும் இடத்தில் வைக்கிங் கம்பெனியின் லாங்ஷிப் வகைக் கப்பலில் 95 கேபின்கள், 190 பயணிகள்.

கடலில் போகும் பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான கேபின்கள். அங்கே ஒரு கட்டில் காலியாகப் போனால் கணக்கில் தெரியாது. நதிக் கப்பலில் ஒரு கேபின் என்றால் மொத்த வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கு. அதில் ஒருவர் மட்டும் ஏறினால் இரண்டாவது டிக்கெட் போயிற்று. அந்த இழப்பை உங்கள் தலையில் வைப்பதற்குப் பெயர்தான் சிங்கிள் சப்ளிமென்ட்.

ஆனால் இரண்டாவது ஆள் வராததால் கம்பெனிக்கு மிச்சமும் உண்டு. அவருக்கான மூன்று வேளைச் சாப்பாடு இல்லை, சாப்பாட்டோடு தரும் வைன் இல்லை, ஊர் சுற்றும் பஸ்ஸில் சீட் இல்லை, அரண்மனை நுழைவுச்சீட்டு இல்லை. ஆகவே 100 சதவீத சப்ளிமென்ட் என்பது, சாப்பிடாத ஒருவரின் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதுதான். பேரம் பேச இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். சதவீதத்தைக் குறைக்க முடியாது என்று சொல்லும் கம்பெனிகூட விமான நிலையத்திலிருந்து காரையோ, கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் கிரெடிட்டையோ, ஒரு படி மேலான கேபினையோ தரச் சம்மதிப்பதுண்டு.

தளம், ஜன்னல், இடம்

கேபின் விலையை முதலில் தீர்மானிப்பது தளம். அடுத்தது ஜன்னல். அதன்பின் கப்பலின் முன்பக்கமா, நடுவா, பின்பக்கமா என்பது. பரப்பளவு இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. தளத்தின் பெயரைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். பியானோ, செல்லோ, வயலின் என்று வாத்தியங்களின் பெயரைத் தளங்களுக்கு வைத்திருக்கும் கம்பெனியும் உண்டு. அதில் பியானோதான் அடித்தளம்.

கீழ்த்தளக் கேபினின் ஜன்னல் சுவரின் மேல் பகுதியில், கிடைமட்டமாக இருக்கும். திறக்காது. தண்ணீர் மட்டம் கிட்டத்தட்ட அதன் விளிம்பிலேயே ஓடும். நின்றால் வெளியே தெரியும், கட்டிலில் படுத்தால் வானம் மட்டும். நடுத்தளத்திலும் மேல்தளத்திலும் பெரும்பாலும் ஃபிரெஞ்சு பால்கனி. பெயரில் பால்கனி இருந்தாலும் கால் வைக்க இடமிருக்காது. தரையிலிருந்து கூரை வரை ஒரு நகரும் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே ஒரு கம்பித் தடுப்பு, அவ்வளவுதான். நாற்காலி போட்டு உட்காரும் முழு பால்கனி வேண்டுமென்றால் விலை இன்னொரு படி ஏறும்.

விலை ஏற ஏற அறை பெரிதாகும் என்று நினைத்துவிடாதீர்கள். லாங்ஷிப்பில் கீழ்த்தளக் கேபின் 150 சதுர அடி. அதற்கு மேலே, அதிக விலையில் விற்கும் ஃபிரெஞ்சு பால்கனி கேபின் 135 சதுர அடி. முழு பால்கனி வகை 205. கூடுதல் பணம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் போகிறது, இடத்துக்கு அல்ல.

பால்கனியிலிருந்து எத்தனை மணி நேரம் ஆற்றைப் பார்ப்பீர்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடுகிறது, பகலில் கரையில் நிற்கிறது. கொலோன், ரூடெஸ்ஹைம், வியன்னா, புடாபெஸ்ட் போன்ற ஊர்களில் கரையில் இடம் போதாது. இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். திரையை விலக்கினால் ஒரு கை தூரத்தில் பக்கத்துக் கப்பல்காரர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். பகலில் ஓடும் அழகான பகுதிகள், ரைனில் ரூடெஸ்ஹைமிலிருந்து கோப்லென்ஸ் வரை, டான்யூபில் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை. இரண்டிலும் கோட்டையும் திராட்சைத் தோட்டமும் இரு கரையிலும் வருவதால் எல்லோரும் மொட்டைமாடியான சன் டெக்கில்தான் நிற்பார்கள். அங்கே கீழ்த்தளக்காரருக்கும் விலை உயர்ந்த சூட் அறைக்காரருக்கும் ஒரே நாற்காலி.

ஒரு விதிவிலக்கு உண்டு. மைன் நதியிலும் கால்வாயிலும் பாலங்கள் தலைக்கு மேலே உரசுவதுபோல் வருவதால் சன் டெக்கை மூடிவிடுவார்கள், கப்டன் நிற்கும் அறையையே கீழே இறக்குவார்கள். ஆம்ஸ்டர்டாம்–புடாபெஸ்ட் என்று இரண்டு வாரம் போகிறவருக்கு, திறக்கிற கதவு உள்ள கேபின் அந்த நாட்களில் பணத்துக்குப் பதில் சொல்லும். ஒரு வார ரைன் பயணத்துக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

லாக்குகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். மைனில் 34, கால்வாயில் 16, கெல்ஹைமிலிருந்து புடாபெஸ்ட் வரை டான்யூபில் 16. கப்பல் லாக்குக்குள் நுழையும்போது பக்கச் சுவருக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு சாண், இரண்டு சாண்தான் இருக்கும். உரசும் சத்தமும் லேசான இடியும் கீழ்த்தளத்தில் நன்றாகக் கேட்கும். தூக்கம் லேசானவர்கள் கீழ்த்தளமே போதும் என்று முடிவு செய்தால், பாசாவ்–புடாபெஸ்ட் போன்ற தடத்தை எடுக்கலாம். அதில் 11 லாக்குகள்தான். ரைனில் பாஸலிலிருந்து இஃபெட்ஸ்ஹைம் வரை 10. அதற்குக் கீழே கடல்வரை ரைனில் ஒரு லாக்கும் கிடையாது. கொலோனில் ஏறி ரூடெஸ்ஹைம் வரை போய்த் திரும்பும் பயணத்தில் இந்தத் தொல்லையே வராது.

கேபின் எண்ணை வாங்கி, கப்பலின் தள வரைபடமான டெக் பிளானில் வைத்துப் பாருங்கள். கப்பலின் கடைசியில் இருந்தால் எஞ்சின் அதிர்வு. முன்முனையில் இருந்தால், கரை கட்டும்போதும் லாக்குக்குள் நுழையும்போதும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டரின் இரைச்சல், அதுவும் விடியற்காலை நாலு மணிக்கு. உணவகத்துக்கு நேர் கீழே என்றால் நாற்காலி இழுக்கும் சத்தம். இன்னொன்று, பல கப்பல்களில் லிஃப்ட் நடுத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் மட்டும்தான் ஓடும், கீழ்த்தளத்துக்கு இறங்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

சதவீதத்தை மறந்து, கூட்டுத்தொகையைக் கேளுங்கள்

‘சப்ளிமென்ட் 50%’ என்றும் ‘சிங்கிள் 150%’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். முதலாவது கூடுதலை மட்டும் சொல்கிறது, இரண்டாவது மொத்தத்தைச் சொல்கிறது. அதேபோல் ‘200%’ என்றால் 100 சதவீத சப்ளிமென்ட். இந்தக் குழப்பத்திலிருந்து தப்ப ஒரே வழி யூரோவில் தொகையை எழுதி வாங்குவது.

சப்ளிமென்ட் ஒரே கப்பலில் எல்லாக் கேபின்களுக்கும் ஒன்றாக இருக்காது. ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். கீழ்த்தளம் ஒருவருக்கு 2,000 யூரோ, சப்ளிமென்ட் இல்லை. நடுத்தளம் ஃபிரெஞ்சு பால்கனி 2,800, சப்ளிமென்ட் 50%. மேல்தளம் 3,300, சப்ளிமென்ட் 100%. மூன்றுக்கும் துறைமுகக் கட்டணம் 180, டிப்ஸ் நாளுக்கு 15 வீதம் 105. தனி ஆளுக்குக் கீழ்த்தளம் 2,285. நடுத்தளம் 4,485. மேல்தளம் 6,885. ஜோடியாகப் போகிறவர் கீழிருந்து நடுத்தளத்துக்கு ஏற ஆளுக்கு 800 யூரோ கட்டுகிறார். நீங்கள் கட்டுவது 2,200. ஓர் இரவுக்கு 314 யூரோ, ஒரு கண்ணாடிக் கதவுக்காக. தளம் ஏறுவது தனி ஆளுக்கு மட்டும் ஏன் கையைச் சுடுகிறது என்பது இதில் தெரியும்.

கம்பெனிகளை ஒப்பிடும்போது சதவீதம் இன்னும் மோசமாக ஏமாற்றும். ஒரு கம்பெனி 2,900 யூரோவுக்கு 25% சப்ளிமென்ட் கேட்கிறது, 3,625 ஆகிறது. இன்னொன்று 1,700க்கு 100% கேட்கிறது, 3,400. இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் முதலாவதில் ஊர் சுற்றல், பானங்கள், டிப்ஸ் எல்லாம் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் ஆறு அரைநாள் சுற்றுலா தலா 50 யூரோ, டிப்ஸ் 105, பானத்துக்கு நாளுக்கு 20 என்று போட்டால் இன்னும் 545 சேரும். 3,945 ஆகிவிடும். மது குடிக்காதவர், ஊரைத் தானே நடந்து சுற்றுகிறவர் என்றால் கணக்கு மறுபடி திரும்பும். உங்கள் பழக்கத்தை வைத்துத்தான் கூட்ட வேண்டும்.

பில்லில் நடக்கும் இரண்டு தவறுகள்

சப்ளிமென்ட் கப்பல் கட்டணத்தின் மேல் மட்டும்தான் வர வேண்டும். துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பவை. நீங்கள் ஒரு தலை. 2,000 + 180 + 105 என்று கூட்டிவிட்டு மொத்தத்தின் மேல் 50 சதவீதம் போட்டால் 3,427.50 வரும். சரியான கணக்கு 3,000 + 180 + 105 = 3,285. இந்த 142.50 யூரோ பெரும்பாலும் வேண்டுமென்றே வைப்பதில்லை. ஏஜென்ட் எக்ஸெல் தாளில் கடைசி எண்ணைப் பிடித்துப் பெருக்கிவிடுவார், அவ்வளவுதான். சுட்டிக் காட்டினால் திருத்திவிடுவார்கள்.

இரண்டாவது, தள்ளுபடியின் வரிசை. 2,000 யூரோவுக்கு 25% தள்ளுபடி போக 1,500. அதன் மேல் 50% சப்ளிமென்ட் என்றால் 2,250. சப்ளிமென்ட்டை மட்டும் பழைய 2,000 மேல் போட்டால் 2,500. இது தவறு என்று சொல்ல முடியாது, சில கம்பெனிகளின் விதியே அப்படி. முன்கூட்டியே தெரிந்திருந்தால் தள்ளுபடியைப் பார்த்து மயங்க மாட்டீர்கள். ‘இரண்டாவது ஆளுக்கு இலவசம்’ என்ற சலுகை தனி ஆளுக்கு எந்த வகையிலும் உதவாது. அது பெரும்பாலும் அச்சிட்ட விலையை உயர்த்திவிட்டுப் பாதியாக்குவதுதான்.

எங்கே குறைகிறது

கீழ்த்தளத்தில். அமெரிக்காவின் டவுக் கம்பெனி தன் ஐரோப்பிய நதிக் கப்பல்களில் முதல் வகைக் கேபின்களுக்கு, அதாவது அடித்தளத்துக்கு, சப்ளிமென்ட் வாங்குவதில்லை. அடிப்படை விலையே அங்கு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ரிவியேரா டிராவல் தனியாகப் போகிறவர்களுக்கென்றே சில புறப்பாடுகளை நடத்துகிறது. கப்பல் முழுக்கத் தனி ஆட்கள் என்பதால் சாப்பாட்டு மேசையில் ஜோடிகளுக்கு நடுவே ஒற்றையாக உட்கார வேண்டியதில்லை. சில கப்பல்களில் ஒருவருக்கான சின்ன கேபின்களும் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு, முதலில் போவதும் அவைதான். அதை எடுக்குமுன், அதே கப்பலின் கீழ்த்தள இருவர் கேபினைத் தனியாக எடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். சில சமயம் சின்னதைவிட அது மலிவாக வரும்.

மாதமும் முக்கியம். மே, ஜூன், செப்டம்பர் ஆகியவற்றிலும் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பர் வாரங்களிலும் கப்பல் தானாக நிரம்பும், தனி ஆளைத் தேட வேண்டியதில்லை. மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம், ஜூலை, நவம்பர் நடுப்பகுதி ஆகியவற்றில்தான் சப்ளிமென்ட்டில் கை வைப்பார்கள். கோடையின் பின்பாதியில் விலை இறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, தண்ணீர் குறையும். 2018 அக்டோபரில் ரைனில் கௌப் என்ற இடத்து அளவுகோல் 25 செ.மீ. காட்டியது. அது ஆற்றின் முழு ஆழம் அல்ல, ஆனாலும் கப்பல்கள் ஓடத் திணறின. 2022 ஆகஸ்டிலும் அதே பாடு. அப்படியானால் பாதியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றி, அடைபட்ட பகுதிக்கு அப்பால் நிற்கும் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். அல்லது ஹோட்டல். ஹோட்டலுக்கு மாறினாலும் தனி அறைதானே என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது கட்டுவது: விசாதான் முடிவு செய்யும்

தனி ஆளுக்கான சலுகை இரண்டு சமயம் வரும். ஒன்று, அடுத்த ஆண்டு அட்டவணை வெளியானதும், பயணத்துக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்பு; ஒரு புறப்பாட்டுக்குச் சில கேபின்கள் மட்டும். மற்றது, முழுப் பணம் கட்டும் கெடு முடிந்ததும், விற்காமல் திரும்பி வரும் கேபின்களில். கெடு பல கம்பெனிகளில் புறப்பாட்டுக்கு 90 நாள் முன்பு.

இரண்டாவது வழி ஐரோப்பாவில் இருப்பவருக்குத்தான் சரிவரும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவருக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துத் தரும் ஒரே விசா) வேண்டும், அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் கப்பல் போய்விடும். ஆகவே முதல் வழிதான். அதிலும் ஒரு சிக்கல். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பாக விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. செப்டம்பர் 20 புறப்பாடு என்றால் மார்ச் 20க்குப் பிறகுதான் விண்ணப்பம், ஜூன் 22க்குள் முழுப் பணம். இந்த மூன்று மாத இடைவெளிக்குள் விசா கையில் வந்துவிட வேண்டும். ஏப்ரல் நடுவிலாவது பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுங்கள். முன்பணம் எவ்வளவு, விசா மறுத்தால் அதில் எவ்வளவு திரும்பும் என்பதைக் கேட்காமல் கார்டைத் தேய்க்க வேண்டாம். தடம் செர்பியா வழியாகப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள்.

இரண்டு பேராகப் பதிந்தாலும்

தோழியோடு சேர்ந்து கேபின் பதிந்துவிட்டால் சப்ளிமென்ட் கவலை இல்லை என்று நினைப்பார்கள். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது தோழி வர முடியாமல் போனால், மீதியிருக்கும் நீங்கள் அந்த நிமிடமே தனி ஆள். அவருடைய ரத்துக் கட்டணத்தோடு, உங்கள் பெயரில் சப்ளிமென்ட் பில்லும் வரலாம். கூட வருபவர் ரத்து செய்ததால் விழும் சப்ளிமென்ட்டை ஏற்கும் பயணக் காப்பீடு கிடைக்கிறது. பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குங்கள். இருவரும் ஒரே கம்பெனியில் எடுப்பது நல்லது.

முன்பின் தெரியாத ஒருவரோடு கேபினைப் பகிர ஏற்பாடு செய்யும் கம்பெனிகளும் உண்டு. ஆள் கிடைக்காவிட்டால் சப்ளிமென்ட் உண்டா இல்லையா என்பதுதான் அதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கட்டில் இரண்டாகப் பிரியுமா என்பதையும் கேளுங்கள், எல்லாக் கப்பலிலும் பிரியாது.

ஏஜென்ட்டுக்கு இப்படி ஒரு மெயில் போட்டால் போதும்:

“வணக்கம் சார். செப்டம்பர் 20 புறப்பாடு, பாசாவ்–புடாபெஸ்ட், நான் ஒருவர் மட்டும். கீழ்த்தளம், நடுத்தளம் இரண்டுக்கும் தனி ஆளுக்கான மொத்தத் தொகையை யூரோவில் அனுப்புங்கள். கப்பல் கட்டணம், சப்ளிமென்ட், துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். தள்ளுபடி சப்ளிமென்ட்டுக்கும் பொருந்துமா? கேபின் எண் இப்போதே உறுதியாகுமா, கம்பெனி பிறகு ஒதுக்குமா? லிஃப்ட் எந்தத் தளம் வரை? விசா மறுத்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்?”

‘கம்பெனி ஒதுக்கும் கேபின்’ என்றால் விலை கொஞ்சம் குறையும், ஆனால் கடைசியில் மிஞ்சும் எஞ்சின் பக்கத்துக் கேபின் கிடைக்க வாய்ப்பு அதிகம். தூக்கம் கனமானவர் தாராளமாக எடுக்கலாம்.

இந்தியாவில் உள்ள ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் அதன் மேல் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டில் மாறுவதால் கட்டும் நாளில் உள்ளதைக் கேளுங்கள். பான் எண் சரியாகக் கொடுத்திருந்தால் அந்தத் தொகை உங்கள் வருமான வரிக் கணக்கில் ஏறும், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். அதைப் பயணச் செலவில் சேர்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அன்றைக்குக் கையில் அந்தப் பணம் இருக்க வேண்டும்.

கப்பலில் கடைசி இரவு கதவுக்கு அடியில் பில்லைத் தள்ளிவிட்டுப் போவார்கள். டிப்ஸ் முன்பே கட்டாதவர்கள் அந்த வரியைப் பாருங்கள். இருவர் கேபின் என்பதால் இரண்டு பேருக்குப் போட்டிருந்தால் அன்றிரவே வரவேற்பு மேசையில் சொல்லிவிடுங்கள். காலையில் எல்லோரும் பெட்டியோடு வரிசையில் நிற்பார்கள், விமான நிலைய பஸ் காத்திருக்காது.